கடைமடை லூமுட்

ஈப்போவிலிருந்து லூமுட்டுக்குப் போகும் வழியில் போத்தா பாலம் வரும். யாரும் நின்று பார்ப்பதில்லை. கடலுக்குப் போகிற அவசரத்தில் ஆற்றைக் கடந்துவிடுகிறோம். பாலத்துக்குக் கீழே தேநீர் நிறத்தில் ஓடுவது பேராக் ஆறு. தீபகற்ப மலேசியாவில் பகாங் ஆற்றுக்கு அடுத்த நீளம் இதற்குத்தான், சுமார் 400 கிலோமீட்டர். தாய்லாந்து எல்லை மலைகளில் பிறந்து, பேராக் மாநிலத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழையை வாரிக்கொண்டு தெற்கே இறங்குகிறது. லூமுட் கடற்கரையில் உட்கார்ந்து நீங்கள் குடிக்கப்போகும் தே தாரேக்கின் தண்ணீர் இந்த ஆற்றில் எடுத்ததுதான். எடுத்த தண்ணீரைத் தெளியவைத்து, குளோரின் கலந்து, ஆயர் தாவார், சித்தியவான், ஸ்ரீ மஞ்சோங் என்று ஊர் ஊராகக் கொடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் லூமுட்டில் விடுகிறார்கள். அங்கேயும் முடிவதில்லை. கடலுக்கடியில் குழாய் போட்டு, பாங்கோர் தீவுக்கும் கொண்டுபோகிறார்கள்.

தஞ்சாவூர்க்காரரிடம் இதைச் சொன்னால் 'கடைமடை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். மேட்டூர் அணையைக் குறித்த தேதியில் திறந்துவிட்டதாகச் செய்தி வரும். மலர் தூவிய படமும் வரும். நாகப்பட்டினத்துக் கடைசி வாய்க்காலில் நிற்கிற விவசாயிக்கு அது செய்தியே அல்ல. தன் காலில் ஈரம் படுகிற நாள்தான் அவருக்கு அணை திறந்த நாள். லூமுட், பேராக்கின் கடைமடை. இங்கே வயல் இல்லை, வாய்க்கால் இல்லை, குழாய்தான். ஆனாலும் கடைமடைக்காரனின் கவலை அப்படியே இருக்கிறது.

மழைக்குப் பஞ்சமா?

லூமுட்டை வறண்ட பகுதி என்று சொன்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர்கள் சிரிப்பார்கள். சுற்றிலும் பச்சை. மரத்தண்டிலும் மதிலிலும் பாசி. ஊர்ப்பெயருக்கே மலாயில் பாசி என்றுதான் பொருள். ஆனால் மழைமானி வேறு கதை சொல்கிறது. பக்கத்துச் சித்தியவானில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தீபகற்பத்தில் மழை குறைந்த இடங்களின் வரிசையில் சித்தியவானுக்கு நிரந்தர இடம் உண்டு. லூமுட்டிலிருந்து நேர்க்கோட்டில் எழுபது கிலோமீட்டர் வடக்கே இருக்கிற தைப்பிங்கிலோ, 4,000 மில்லிமீட்டரைத் தொடும் அளவுக்குக் கொட்டுகிறது. மதியம் மழை வருமா வராதா என்று பந்தயம் கட்டிப் பணம் தோற்றவர்களின் கதை அந்த ஊரில் ஏராளம். ஒரே மாநிலம், ஒரே கடல், ஏறக்குறைய ஒரே காற்று.

வித்தியாசத்தை உண்டாக்குவது மலைதான். தென்மேற்குக் காற்று வீசும்போது சுமத்ராவின் மலைத்தொடர் குறுக்கே நின்று ஈரத்தைப் பறித்துக்கொள்கிறது. வடகிழக்குக் காற்று வரும்போது தித்திவங்சா மலைத்தொடர் கிழக்குக் கரையோடு மழையை முடித்துவைக்கிறது. தைப்பிங்குக்கு முதுகுக்குப் பின்னால் புக்கிட் லாருட் மலை இருக்கிறது. கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று அதில் ஏறி, குளிர்ந்து, கொட்டிவிட்டுப் போகிறது. லூமுட் இருக்கிற மஞ்சோங் மாவட்டம் பெரும்பாலும் தட்டை. மேகம் தலைக்கு மேலே வருகிறது, தங்குவதற்கு இடமில்லாமல் போய்விடுகிறது. ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு மாதம், நடுவில் ஜூன், ஜூலை என்று இரண்டு முறை மழை கை விரித்துவிடும்.

1,800 மில்லிமீட்டர் என்பது இராமநாதபுரத்து மழையைப் போல் இரண்டு மடங்கு. இதைப் பற்றாக்குறை என்பது இராமநாதபுரத்துக்காரர்களுக்குச் செய்கிற அநியாயம். ஆனால் அவர்கள் அந்த மழையை வைத்துத்தான் ஊருணி வெட்டினார்கள், கண்மாய் கட்டினார்கள், மடைக்கு ஆள் போட்டார்கள். லூமுட்டில் விழுகிற மழை, சாக்கடை வழியாக அரைமணி நேரத்தில் டிண்டிங்ஸ் கழிமுகத்துக்குப் போய் உப்பாகிவிடுகிறது. படகுத்துறைக்கு எதிரே அகலமாகக் கிடப்பது பார்க்க ஆறு மாதிரி இருக்கும். ஆனால் அது ஏற்ற இறக்கத்தோடு கடல் வந்துபோகிற இடம், குடிக்க ஆகாது. கரையோரக் கிணறுகளிலும் ஆழம் போனால் உப்பு, மேலே நின்றால் சதுப்பு நிலத்துப் பழுப்பும் துருநாற்றமும். உள்நாட்டுப் பக்கம் ஓர் ஊருக்கு ஆயர் தாவார் என்று பெயர். 'உப்பில்லாத தண்ணீர்' என்று அர்த்தம். தண்ணீர் உப்பில்லாமல் கிடைப்பதே பெயர் வைக்கிற அளவுக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான். ஆனாலும் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் தோன்றும்.

துரை பங்களா மேட்டிலிருந்து

என் பாட்டி முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். இந்த வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில்தான் அவருடைய ஆயுள் முழுக்கப் போனது. அங்கே தண்ணீர்த் தொட்டி துரை பங்களா மேட்டில் இருந்தது. மேட்டிலிருந்து இறங்குகிற குழாய் முதலில் பங்களாவுக்கு, அப்புறம் கிராணி எனும் எழுத்தர்களின் வீடுகளுக்கு, அப்புறம் ஆலைக்கு. பால் உறையவைக்க, தகடு அலச, தொட்டி கழுவ என்று ஆலைக்கு நாள் முழுக்கத் தண்ணீர் வேண்டும். அழுக்குத் தண்ணீரில் அலசிய ரப்பர் விலை போகாது. ஆகவே ஆலைக்கு எப்போதும் நல்ல தண்ணீர். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குக் கடைசியில். அதுவும் பொதுக்குழாய், குறிப்பிட்ட நேரம். பைப்படியில் வாளி வரிசை பால் வெட்டப் போகுமுன்பே தொடங்கிவிடும். வறட்சி மாதத்தில் வரிசை அப்படியே கால்வாய்க்கு நகரும்.

பாட்டி சொல்வார்: "அங்க ஊருணி வத்துச்சு, நடந்தோம். இங்கதான் மழை பேயுதே, இங்கயும் நடந்தோம்."

தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு என்னென்ன வசதி வேண்டும் என்று 1966-இல் ஒரு சட்டம் வந்தது. 1990-இல் அதற்குப் பதிலாக இன்னொன்று. தண்ணீரும் அதில் உண்டு. சட்டம் நடந்து லயத்துக்கு வந்து சேர எவ்வளவு காலம் ஆனது என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, மக்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்குப் போனார்கள். வீட்டுக்குள் குழாய், வாசலில் மீட்டர், மாதம் ஒரு பில். வாழ்க்கை மாறிவிட்டது என்று நானும் நினைத்தேன். ஒருநாள் குழாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மேலே எங்கோ பெரிய குழாய் உடைந்துவிட்டதாம். வழியில் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் அன்று மாலையே தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு மறுநாளும் வரவில்லை. பாட்டியின் தொட்டி நினைவுக்கு வந்தது. மேடு வேறு, துரை வேறு, வரிசை அதேதான்.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, அழுத்தத்தின் கணக்கு அப்படி. நீளமான குழாயில் ஒவ்வொரு கிளைக்கும் கொடுக்கக் கொடுக்க அழுத்தம் குறைந்துகொண்டே வரும். நடுவில் உடைந்தால் கடைசி ஊர் முதலில் வற்றும். சரிசெய்து திறந்துவிட்டால், குழாய் நிரம்பி, உள்ளே சிக்கிய காற்று வெளியேறி, வழியில் காய்ந்து கிடக்கிற வீட்டுத் தொட்டிகளெல்லாம் தங்கள் பங்கை இழுத்துக்கொண்ட பிறகுதான் கடைசி ஊருக்குச் சொட்டும். இதை மாற்ற ஒரு வழி, கடைசி ஊருக்குப் பக்கத்திலேயே இரண்டு மூன்று நாளுக்குத் தாங்குகிற அளவுக்குச் சேமிப்புத் தொட்டி கட்டுவது. கடைமடையில் ஒரு ஏரி வெட்டுவது மாதிரி. செலவு பிடிக்கிற வேலை. திறப்பு விழாவில் அணைக்கு இருக்கிற அழகு கான்கிரீட் தொட்டிக்கு வராது என்பதும் ஒரு காரணமோ என்னவோ.

வடக்கு நோக்கிய கண்

பேராக் அரசு தண்ணீரைப் பற்றிப் பேசும்போது அதன் கண் வடக்கே இருக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. கிரியான் மாவட்டத்தில் 1906-இல் கட்டி முடித்த புக்கிட் மேரா ஏரி, மலாயாவின் முதல் பெரிய பாசனத் திட்டத்தின் வயிறு. இருபதாயிரம் ஹெக்டேருக்கு மேலான நெல்வயலுக்கும் சுற்றுவட்டாரக் குடிநீருக்கும் அதுதான். 2016-இல் எல் நினோ வந்தபோது அந்த ஏரி அடிமண் தெரியுமளவுக்கு இறங்கியது. இப்போது அதே கிரியானில் பசுமைத் தொழிற்பூங்கா வரப்போகிறது. அதற்கும் தண்ணீர் வேண்டும். அதற்கும் அப்பால் பினாங்கு. தன் தண்ணீரில் பெரும்பகுதியைக் கெடா எல்லையில் ஓடுகிற மூடா ஆற்றிலிருந்து எடுக்கும் பினாங்குக்கு, ஒரே ஆற்றை நம்பியிருக்கிற பயம் பல ஆண்டுகளாக உண்டு. பேராக் ஆற்றிலிருந்து வடக்கே தண்ணீர் கொண்டுபோகும் பேச்சு ஒவ்வோர் ஆட்சியிலும் வந்துபோகிறது. பச்சைத் தண்ணீராகத் தரமாட்டோம், சுத்திகரித்துத்தான் விற்போம் என்பது பேராக்கின் நிலை.

அதில் நியாயம் இருக்கிறது. 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் தன் பச்சைத் தண்ணீரை ஆயிரம் கேலன் மூன்று சென் என்று சிங்கப்பூருக்கு விற்றுக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தம் 2061-இல்தான் முடியும். அந்த மூன்று சென்னைப் பார்த்த எந்த மாநிலமும் பச்சைத் தண்ணீர் என்ற வார்த்தையைக் கேட்டாலே கையை இறுக்கிக்கொள்ளும். 2005-இல் அரசியலமைப்பைத் திருத்தி, குடிநீர் வழங்கலை மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து கவனிக்கும் பட்டியலுக்கு மாற்றினார்கள். ஆற்றில் ஓடுகிற தண்ணீர் மட்டும் மாநிலத்தின் சொத்தாகவே நின்றது. அதாவது ஆறு ஒருவருடையது, குழாய் இருவருடையது.

பேராக் விற்கட்டும். ஆற்றில் தண்ணீர் இருக்கிறது. மேலே தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என்று நான்கு அணைகள் படிக்கட்டு மாதிரி நிற்கின்றன. செண்டெரோ 1930-லேயே கட்டியது. 1970-களின் கடைசியில் நிரம்பத் தொடங்கிய தெமெங்கோர் ஏரி, கென்யிருக்கு அடுத்தபடி தீபகற்பத்தின் பெரிய ஏரி. இவை மின்சாரத்துக்காகக் கட்டியவை. ஆனால் வறட்சி மாதத்தில் போத்தாவில் ஆறு எவ்வளவு உயரம் நிற்கும் என்பதை மேலே டர்பைனைச் சுற்ற விடுகிற தண்ணீர்தான் பெருமளவு தீர்மானிக்கிறது. லூமுட்டின் குடிதண்ணீர் மின்சாரக்காரரின் கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்பது லூமுட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

போத்தாவில் இன்னொரு சங்கதி உண்டு. அங்கே துந்தோங் எனப்படும் ஆற்றாமையைக் காக்கிற மையம் ஒன்று இருக்கிறது. ஆற்று மணல்திட்டில் குழி தோண்டி முட்டையிடுகிற ஆமை. மணல் போனால் ஆமையும் போகும். கட்டடங்களுக்காக ஆற்று மணலை அள்ள அள்ளப் படுகை தாழும். படுகை தாழ்ந்தால் நீர்மட்டமும் தாழும். கரையில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் வாயை வைத்து நிற்கிற உறிஞ்சுகுழாய்க்குத் தண்ணீர் எட்டாது. ஆமைக்கும் லூமுட்டுக்காரருக்கும் கவலை ஒன்றே. ஆமைக்காவது ஒரு மையம் இருக்கிறது.

கடற்கரையின் புதிய தாகம்

பழைய லூமுட் மீன்பிடி ஊர். 1874-இல் பாங்கோர் ஒப்பந்தத்தோடு டிண்டிங்ஸ் என்ற பெயரில் பிரிட்டிஷாருக்குப் போய், 1935-இல்தான் பேராக்குக்குத் திரும்பியது. இன்று இந்தக் கரையில் கடற்படைத் தளமும் கப்பல் பட்டறையும் இருக்கின்றன. செகாரியில் எரிவாயு மின்நிலையம். மஞ்சோங் கரையில் 4,000 மெகாவாட்டுக்கு மேல் திறனுள்ள நிலக்கரி மின்நிலையம், தெலுக் ரூபியாவில் 2014 முதல் இரும்புத்தாதுத் துறைமுகம். மின்நிலையங்கள் குளிர்விக்கக் கடல்நீரை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் கொதிகலனுக்கு உப்பு ஆகாது, தாதுத் தூசியை அடக்கத் தெளிக்கிற தண்ணீர் வேண்டும், கப்பல் புறப்படுமுன் தொட்டி நிரப்ப வேண்டும், வேலைக்கு வருகிற ஆயிரக்கணக்கான பேர் குளிக்க வேண்டும். இதற்குமேல் லூமுட்டைக் கடல்சார் தொழில்நகரமாக்கும் திட்டம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. திட்டப் படத்தில் துறைமுகம் நீலமாகவும் தொழிற்பேட்டை ஊதாவாகவும் தீட்டியிருக்கும். தண்ணீர் வருகிற குழாயைக் கோடாகக் கூடப் போடமாட்டார்கள்.

மலேசியா தண்ணீரில் முன்யோசனை இல்லாத நாடு என்று சொல்ல முடியாது. பட்டுத் தெளிகிற நாடு. 1991-இல் மலாக்காவின் டுரியான் துங்கால் அணை வறண்டது. 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் பங்கீடு. தண்ணி லோரிக்குப் பின்னால் வாளியோடு ஓடிய நினைவு கோலாலம்பூர்க்காரர்களுக்கு இன்னும் இருக்கிறது. அந்த அடியில்தான் மறு ஆண்டு மழைநீர் சேகரிப்புக்கு வழிகாட்டி எழுதினார்கள். பகாங்கிலிருந்து சிலாங்கூருக்கு 44.6 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து முடித்த 2014-இல், சிலாங்கூரில் மறுபடியும் பங்கீடு. அப்போது கைகொடுத்தவற்றில் பழைய ஈயக் குட்டைகளும் உண்டு. குட்டைத் தண்ணீரை ஆற்றுக்கு இறைத்தார்கள். கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க அப்படிப்பட்ட குட்டைகள் கண்ணாடித் துண்டுகள் மாதிரி சிதறிக் கிடக்கின்றன. ஈயம் தோண்டிய மண்ணில் ஆர்செனிக் போன்றவை இருக்கக்கூடும் என்பதால் சோதிக்காமல் தொட முடியாது. ஆனாலும் சோதித்துப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்வதற்கு வறட்சி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கடைமடைக்காரனுக்கு எரிச்சல் தருகிற எண் இன்னொன்று. நாடு முழுவதும் சுத்திகரித்து அனுப்புகிற நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பில்லுக்கு வராமலே போய்விடுகிறது. ஓட்டைக் குழாய், திருட்டு இணைப்பு, ஓடாத மீட்டர். பெரும்பங்கு ஓட்டைதான், பழைய கல்நார் சிமென்ட் குழாய்கள் மண்ணுக்கடியில் நொறுங்கிக்கொண்டிருக்கின்றன. 2024 பிப்ரவரியில் வீட்டுக் கட்டணத்தைக் கனமீட்டருக்குச் சராசரி 22 சென் உயர்த்தினார்கள். ஆயிரம் லிட்டருக்கு இருபத்திரண்டு சென்! ஒரு தே தாரேக் காசில் எத்தனையோ ஆயிரம் லிட்டருக்கான அந்த உயர்வைக் கட்டிவிடலாம். அதற்கே எத்தனை முணுமுணுப்பு. நானும் முணுமுணுத்தவன்தான். தண்ணீரை இவ்வளவு மலிவாக வைத்துக்கொண்டு குழாய் மாற்றக் காசு எங்கே என்று கேட்பதில் அர்த்தமில்லை என்பது பின்னால்தான் உறைத்தது. ஆனால் ஏற்றிய காசு எந்தத் தெருக் குழாய்க்குப் போனது என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. கடைசித் தெருவிலிருப்பவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

கூரைக் கணக்கு

எங்கள் தாமானில் ஒரு வீட்டுக்கூரை நூறு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 1,800 மில்லிமீட்டர் என்றால் கூரையில் ஆண்டுக்கு 1,80,000 லிட்டர். வழிந்தது, தெறித்தது, முதல் மழையில் அழுக்கோடு விட்டது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 1,44,000. நாம் ஆளுக்கு நாளொன்றுக்கு இருநூறு லிட்டருக்கு மேல் செலவழிக்கிற நாடு; 220 என்று போட்டால் நாலு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 3,21,000 லிட்டர். மழை குறைந்த ஊர் என்று பெயர் வாங்கிய இடத்திலேயே, வீட்டின் தேவையில் ஏறக்குறைய பாதி கூரைமேலேயே விழுகிறது.

ஆனால் காகிதத்தில் பாதி வந்துவிடும், பீப்பாயில் வராது. கழிப்பறை, துணி, செடி, கார் எல்லாவற்றுக்கும் ஆளுக்கு 80 லிட்டர் மழைநீர் என்று வைத்தால் வீட்டுக்கு நாளைக்கு 320. கடையில் விற்கிற ஆயிரம் லிட்டர்த் தொட்டி மூன்று நாளில் தீர்ந்துவிடும். ஜூலையில் இருபது நாள் மழை இல்லையென்றால் 6,400 லிட்டர் கொள்கிற தொட்டி வேண்டும். வரிசை வீட்டின் பின்கட்டில் அதை எங்கே வைப்பது? 2011-க்குப் பிறகு, வீடுகளில் பங்களா போன்ற பெரியவற்றுக்குத்தான் மழைநீர்த் தொட்டி கட்டாயமென்று விதிகள் வரத் தொடங்கின. இடமுள்ளவனுக்குக் கட்டாயம், இல்லாதவனுக்கு விருப்பம். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினார்கள். அங்கே கூரைநீரை மண்ணுக்குள் விட்டு நிலத்தடி நீரை உயர்த்தினார்கள். எங்கள் கடலோர மண்ணில் அதை அப்படியே செய்ய முடியாது. நீர்மட்டம் கால் விரலுக்குக் கீழேயே நிற்கிறது. இங்கே தொட்டிதான், அதுவும் தெருவுக்கு ஒன்றாக. கோயில், பள்ளிக்கூடம், பாசார் கூரைகள் எவ்வளவு பெரியவை என்று யாராவது அளந்தால் தேவலை.

பாங்கோருக்கு மாசி மகத்தை ஒட்டிப் போயிருந்தேன். சுங்கை பினாங் கெச்சில் பத்திரகாளியம்மன் கோயிலுக்கு அன்று நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வருவார்கள். நேரம் பார்த்து வருவார்கள்: ஆண்டின் முதல் வறட்சி அப்போதுதான். கடலுக்கடியில் வருகிற ஒரு குழாயில் தீவுக்காரர்களும் விடுதிக்காரர்களும் ஆயிரக்கணக்கான பக்தர்களும் குளிக்க வேண்டும். கடைமடைக்கும் அப்பால் ஒரு மடை. கோயிலுக்குப் பக்கத்துத் தங்கும்விடுதியின் பின்புறம் நீலத்தில் மூன்று தொட்டி வரிசையாக இருந்தன. முதலாளி, என்னைவிடப் பெரியவர், குழாய் வாயில் கைவைத்துத் தண்ணீர் வரும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு போதாதாண்ணே?"

"ரெண்டு, தண்ணி வர்ற நாளுக்குத் தம்பி."

"மூணாவது?"

அவர் பதில் சொல்லவில்லை. மூன்றாவது தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். பாதிதான் இருந்தது. மறுநாள் காலை முதல் படகு ஏழு மணிக்கு என்றார்.